சின்ன ஸ்டீரிங்கா, பெரிய ஸ்டீரிங்கா? நாடாவும் தராசும் வைத்து அளந்து பார்த்த கதை

போன மாதம் என் மச்சினன் ஒரு துணிப்பையில் புது ஸ்டீரிங் வீல் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். கறுப்புத் தோல், சிவப்புத் தையல், நடுவில் மூன்று அலுமினியக் கால்கள். குறுக்களவு 33 சென்டிமீட்டர். கடைக்காரர்கள் 13 இன்ச் என்பார்கள். "மாமா, நம்ம மாருதி எண்ணூறுக்கு இதைப் போட்டுட்டா போதும், தொட்டாத் திரும்பும் வண்டி" என்றான்.

அதே வாரம் திருநகரிலிருந்து அக்கா போன் செய்தாள். ஒரு வருடமாக அவளுக்கு வலது தோள் இறுக்கம். கையைத் தூக்கித் துணி காயப்போட முடியாது. ஆனால் தினமும் பள்ளிக்கூட வேலைக்குக் காரில்தான் போயாக வேண்டும். இரண்டு பழைய கார்களைப் பார்த்து வைத்திருக்கிறாள். "ஒண்ணுல ஸ்டேரிங் சின்னதா இருக்கு தம்பி, இன்னொண்ணுல பெருசா இருக்கு. எது தோளுக்கு நல்லது?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் கேட்டது ஒரே வட்டத்தின் அளவைப் பற்றித்தான். ஆனால் இரண்டு வண்டியிலும் அந்த வட்டத்துக்குப் பின்னால் இருப்பது வேறு வேறு. அதனால் வட்டத்தை மட்டும் பார்த்து யாருக்கும் பதில் சொல்லிவிட முடியாது.

முதலில் மச்சினன் வண்டி. மாருதி 800-ல் பவர் ஸ்டீரிங் கிடையாது. எடை 650 கிலோ அளவுதான் என்பதால் கம்பெனி அதை நம் கை பலத்துக்கே விட்டுவிட்டது. நாடா வைத்து அளந்தேன். பழைய வீல் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர். அப்படியானால் நடுவிலிருந்து விளிம்புவரை 19. புது வீலில் அது பதினாறரை.

வீல் நட் இறுகிப்போனால் என்ன செய்வோம்? ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் சொருகி நீளமாக்குவோம். பிடி நீண்டால் அதே கை பலத்துக்கு நட் கழன்று வரும். ஸ்டீரிங் வீலும் ஒரு பிடிதான், சுற்றி வளைத்துச் செய்த பிடி. அதன் நீளம் 19-லிருந்து பதினாறரைக்குக் குறைந்தால், அதே வண்டியை அதே இடத்தில் திருப்ப நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாக இழுக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகக் கிடைப்பது கையின் பயணக் குறைவு. 38 வீலின் சுற்றளவு 119 சென்டிமீட்டர், 33 வீலுடையது 104. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்றரைச் சுற்று என்று வைத்துக்கொண்டால், பெரிய வீலில் கை சுமார் 418 சென்டிமீட்டர் போகிறது, சின்னதில் 363. அரை மீட்டருக்கு மேல் மிச்சம். மச்சினன் "தொட்டாத் திரும்பும்" என்று சொன்னது இந்த மிச்சத்தைத்தான்.

இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சின்ன வீல் போட்டால் வண்டி சின்ன இடத்தில் திரும்பும் என்று நினைக்கிறார்கள். வண்டி திரும்பும் வட்டத்துக்கும் வீலின் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாருதி 800 திரும்பும் ஆரம் 4.4 மீட்டர், எந்த வீலைப் போட்டாலும் 4.4-தான். முன்சக்கரம் எவ்வளவு ஒடியும் என்பதை அடியில் ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பிகள், அதாவது ராக், டை ராட் எல்லாம் தீர்மானிக்கின்றன. வீலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் எத்தனை டிகிரி திரும்பும் என்ற கணக்கும் மாறாது. மாறுவது நம் கை உணர்வது மட்டும்.

கணக்கு இப்படிச் சொல்கிறது. நடப்பில் எப்படி என்று பார்க்க, உசிலம்பட்டி வீட்டில் புளி நிறுக்க வைத்திருந்த ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்தேன். வண்டியை வாசலில் அசையாமல் நிறுத்தி, வீலின் விளிம்பில் கயிற்றைக் கட்டி, விளிம்புக்குத் தொடுகோடாக இழுத்தேன். தராசு முள் எட்டு கிலோவைத் தாண்டிய பிறகுதான் வீல் அசைந்தது. அந்த 13 இன்ச் வீலைப் போட்டால் இதே வேலைக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும்.

ஒரு தடவை இழுக்க ஒரு கிலோ கூடுதல் என்பது பெரிய விஷயம் இல்லை. ஆனால் மதுரைக்குள் ஒரு நாளில் எத்தனை தடவை இழுக்கிறோம்? மச்சினன் கடை மஞ்சணக்காரத் தெருப் பக்கம். தெற்கு மாசி வீதி தேர் ஓடுகிற வீதி, அகலம் உண்டு. அங்கிருந்து சந்துக்குள் நுழையும்போதுதான் கஷ்டம் ஆரம்பிக்கும். ஒரு பக்கம் தள்ளுவண்டி, மறு பக்கம் வரிசையாக டூவீலர், எதிரே சரக்கு ஏற்றிய குட்டி யானை. முன்னால் ஓரடி, பின்னால் ஓரடி, லெப்ட்டில் முழுசாக ஒடி, ரைட்டில் முழுசாக ஒடி. வண்டி நகராமல் சக்கரத்தை ஒடிக்கும்போதுதான் ஸ்டீரிங் அதிகபட்சம் கனக்கும். உருளத் தொடங்கினால் இலகுவாகிவிடும். நம் ஊர்ச் சந்துகளிலோ பாதி ஒடிப்பு நின்ற இடத்தில்தான் நடக்கிறது. சித்திரைத் திருவிழா நாட்களில் கோரிப்பாளையம், யானைக்கல் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பள்ளத்தின் கணக்கு இதைவிட முக்கியம், ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. நம் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பாதை, சக்கரத்திலிருந்து கைக்கு வரும் பாதையும்தான். குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால், அந்தத் திருகல் ஸ்டீரிங் வழியாக நம் உள்ளங்கைக்கு வரும். பிடி நீளமாக இருந்தால் அந்த உதையைச் சுலபமாக அடக்கலாம். பிடி குட்டையானால் அதே உதை நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாக விழும், மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும். சின்ன வீல் பிடித்தவர்கள் "ரோடு கையில பேசுது" என்பது இதைத்தான். மேடுபள்ளமில்லாத பந்தயத் தடத்தில் அந்தப் பேச்சு தேவை. ரிங் ரோட்டில் மண் லாரிகள் போட்டுவைத்த பள்ளங்களின் பேச்சு நமக்கு எதற்கு?

சின்ன வீலுக்கு நியாயமான இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மலைப்பாதை. திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள், தேனியிலிருந்து போடிமெட்டு ஏறினால் 17. அங்கே வண்டி உருண்டுகொண்டே இருப்பதால் கனம் தெரியாது, கைப் பயணம் குறைவது மட்டும் தெரியும். முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கும், ஒரு வளைவு முடிந்து அடுத்ததற்குக் கை மாற்றுவது வேகமாக நடக்கும். மச்சினனின் நண்பன் வண்டியில் இப்படி ஒரு வீலைப் பிடித்துச் சிறுமலை ஏறியிருக்கிறேன். நன்றாகவே இருந்தது. மறுநாள் அதே வண்டியை சிம்மக்கல்லில் பார்க்கிங் போட்டபோது தோள் கழன்றது.

நான்குவழிச் சாலையில் கதை திரும்பவும் மாறுகிறது. விருதுநகர் பக்கம் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது கை செய்ய வேண்டியது நூலளவு வேலை. பெரிய வீலில் விளிம்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் வீல் மூன்று டிகிரி திரும்பும். 33 வீலில் மூன்றரை டிகிரி. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தும்மினாலும், பக்கத்தில் பஸ் கடந்து காற்று அடித்தாலும் கை நகர்வது அந்தச் சென்டிமீட்டர் கணக்கில்தான். நேராகப் போகும் வண்டிக்குப் பெரிய வட்டம் பொறுமையைத் தரும். மூன்று மணி நேரம் ஓட்டினால் அந்தப் பொறுமைதான் களைப்பைக் குறைக்கிறது.

ஆக எண்ணூறுக்கு நகரத்தில் பெரிய வீல், நெடுஞ்சாலையில் பெரிய வீல், மலையில் மட்டும் சின்னது. மச்சினன் மலைக்குப் போவது வருடத்தில் இரண்டு முறை.

ஏர்பேக் இல்லாத வண்டி என்பதால் வீலை மாற்றினால் ஏர்பேக் போய்விடும் என்ற பிரச்சினை அவனுக்கு இல்லை. ஆனால் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதே. கம்பெனி வீல், மோதலில் நெஞ்சு வந்து விழுந்தால் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. வெளியில் வாங்கும் அலுமினியக் கால் வளையுமா, முறியுமா, குத்துமா என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. வீலுக்கும் தண்டுக்கும் நடுவே போடும் இணைப்புக் கட்டையின் பல் தண்டின் பல்லோடு சரியாகப் பொருந்தவில்லை என்றால் ஒரு நாள் வீல் மட்டும் கையோடு சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். இதைச் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது.

அப்புறம் அவன் வண்டியின் உண்மையான நோயைப் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு முன் அலாய் வீலோடு அகலமான டயர் போட்டிருந்தான். டயர் அகலமானால் ஒடிக்கக் கனக்கும். அதற்கு மேல் முன்டயர்களில் காற்று ரொம்பக் குறைவு. காற்றை மட்டும் சரியாக நிரப்பிவிட்டு மறுபடி தராசு வைத்தேன். முள் ஏழுக்குக் கீழே நின்றது. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. அதாவது சின்ன வீல் ஏற்றப்போகும் கனத்துக்கு ஏறக்குறைய சமம். பழைய அகலத்துக்கே டயரை மாற்றி, அலைன்மெண்ட் பார்த்து, சக்கரத்தைத் திரும்பவிடும் மூட்டான பால் ஜாயிண்டில் இருந்த ஆட்டத்தை எடுத்தால் இன்னும் இறங்கும். ஸ்டீரிங் கனக்கிறது, இழுக்கிறது, நடுங்குகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து டயர் கடையில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

சரி, அக்கா கேள்விக்கு வருவோம்.

அவள் பார்த்திருந்த இரண்டு காரிலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங். அங்கே கணக்கே வேறு. ஸ்டீரிங் தண்டின் நடுவே முறுக்கினால் லேசாக முறுகும் ஒரு கம்பி இருக்கிறது. நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறது என்று ஒரு சென்சார் பார்க்கும். அதற்குத் தக்கபடி மோட்டார் சேர்ந்து தள்ளும்; மெதுவாகப் போகும்போது அதிகமாக, வேகத்தில் குறைவாக. நம் கை செய்வது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இரண்டு கிலோ என்றால், வீலின் குறுக்களவு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவதால் அது ஐம்பது, நூறு கிராம்தான் கூடும். தோளுக்கு அது தெரியவே தெரியாது. கம்பெனிகள் சின்ன வீலுக்குத் துணிந்ததே பவர் ஸ்டீரிங் வந்த தைரியத்தில்தான். பிரான்ஸின் பெஜோ 2012-ல் தன் 208 காரில் சுமார் 35 சென்டிமீட்டர் வீலைப் போட்டு, மீட்டர்களை வீலுக்கு மேலாகப் பார்க்கும்படி வைத்தது. அதற்குப் பிறகு மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினார்கள்.

பவர் ஸ்டீரிங் இருந்தும் பெரிய வீலுக்கு ஒரு நன்மை பாக்கி இருக்கிறது. ஓடும்போது மோட்டார் செத்துப்போனால் மிச்சம் இருப்பது நம் கையும் வட்டத்தின் அளவும்தான். ஐ.நா. சபையின் 79-ஆம் எண் ஸ்டீரிங் விதி, பயணிகள் காரில் எல்லாம் சரியாக இருக்கும்போது விளிம்பில் ஏறத்தாழ 15 கிலோ இழுப்புக்கு மேல் போகக் கூடாது என்கிறது. உதவி செயலிழந்தால் ஏறத்தாழ 30 கிலோ வரை அனுமதிக்கிறது. இரண்டு மடங்கு. அப்படி ஒரு நாள் வந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கைகொடுக்கும். ஆனால் அது அபூர்வம். அதை வைத்துக் கார் வாங்க வேண்டாம் என்றுதான் அக்காவிடம் சொன்னேன்.

அவள் தோளுக்கு வேண்டியது வேறு. அவளுடைய பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரே விதி, முழங்கை தோள் உயரத்துக்குப் போகக் கூடாது. ஒரு காரின் வீல் 37 சென்டிமீட்டர், மற்றதன் வீல் 36, அதுவும் அடிப்பக்கம் தட்டை. இந்த ஒரு சென்டிமீட்டரால் வீலின் உச்சி இறங்குவது அரை சென்டிமீட்டர். சீட்டைக் கொஞ்சம் ஏற்றினாலோ வீலைக் கொஞ்சம் சாய்த்தாலோ அதைப்போலப் பல மடங்கு கிடைத்துவிடும். சின்ன வீல் உள்ள கார் தாழ்வானது. காலை நீட்டி உட்கார வேண்டும், வீல் முகத்துக்கு நேரே நிற்கும், கை மேலே ஏறும். பெரிய வீல் உள்ளது நெட்டையான வண்டி. நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம், சீட்டை ஏற்றலாம், வீலைத் தாழ்த்தலாம், முழங்கை இடுப்புப் பக்கமே நிற்கும். பெயரளவில் "பெரிய" வீல்தான், ஆனால் தோளுக்குக் கீழே இருக்கும் பெரிய வீல்.

தட்டை அடிவட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் வந்த ஸ்விஃப்ட் முதல் இது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. தொடைக்கு இடம் கிடைக்கும், சேலையோடு ஏறி இறங்குகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் பந்தயக் காரில் வீல் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. நம் சந்தில் மூன்று சுற்று சுற்றும்போது கை மாற்றி மாற்றிப் பிடிக்கையில் ஒரு தடவை வளைவு வரும், ஒரு தடவை தட்டை வரும். பார்க்காமல் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உறுத்தும். அக்காவுக்கு உறுத்தியது.

பிடிக்கும் இடமும் வலியை முடிவு செய்கிறது. ஓட்டுநர் பயிற்சியில் நாம் கற்றது கடிகாரத்தின் பத்தும் இரண்டும். ஏர்பேக் வந்த பிறகு ஒன்பதும் மூன்றும்தான் சரி. பை வெடித்து விரியும் வழியில் கை இருக்காது, தோளும் தாழ்ந்திருக்கும். நெஞ்சுக்கும் வீலின் நடுப்பகுதிக்கும் 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அக்கா குள்ளம், ஒட்டி உட்காருவாள். அளந்து பார்த்து சீட்டைப் பின்னே தள்ளி, முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திய பிறகு அந்த இடைவெளி கிடைத்தது.

வாங்கிய பிறகு வேறு வீல் மாற்றிக்கொள்ளலாமே என்று அத்தான் கேட்டார். இதற்கு மட்டும் நான் யோசிக்காமல் கூடாது என்றேன். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்தப் பை இருப்பது வீலின் வயிற்றுக்குள். வேறு வீல் மாட்டினால் பை போய்விடும். ஹாரனுக்கும் பைக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா வீணாகும். மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். அதை மறைக்க விளக்கின் வயரையே எடுத்துவிடும் கடைகள் உண்டு. பழைய கார் வாங்கும்போது சாவியைப் போட்டதும் அந்த விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். எரியவே இல்லை என்றால் அந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடலாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், விதி மீறி வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வைத்திருக்கிறது. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாத மாற்றம், இழப்பீடு கேட்கப் போகும் நாளில் நமக்கு எதிராக நிற்கும்.

மாற்றாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உறை. வட்டத்தின் குறுக்களவைவிட, கையில் பிடிக்கும் விளிம்பின் தடிமன்தான் பல பேருக்கு வலியைக் கொடுக்கிறது. ரொம்ப மெல்லிய விளிம்பை இறுக்கிப் பிடித்தே விரல் மரத்துப்போகும். தோல் உறையை ஊசிநூலால் விளிம்போடு தைத்துவிட்டால் பிடி தடிக்கும், கை தளரும். ஆனால் ரப்பர் வளையம் போல இழுத்து மாட்டும் உறை வேண்டாம். அக்காவின் பழைய வண்டியில் ஒரு கடையில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள், அளவு ஒன்று கூடுதலாக. சித்திரை வெயிலில் இளகி, திருப்பும்போது உறை மட்டும் நகர்ந்தது, வீல் நகரவில்லை. காளவாசல் சிக்னலில் அது நடந்தபோது பக்கத்தில் நான் இருந்தேன். கறுப்பு உறை வெயிலில் நின்றால் தொட முடியாத அளவுக்குச் சுடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒற்றைக் கையால் சுற்ற வீலில் மாட்டும் குமிழும் வேண்டாம். மோதினால் நெஞ்சில் முதலில் படுவது அதுதான்.

மச்சினன் அகல டயரைக் கொடுத்துவிட்டுப் பழைய அளவுக்கே மாறிவிட்டான். பால் ஜாயிண்டும் மாற்றியாயிற்று. 13 இன்ச் வீல் துணிப்பையோடு பரணில் இருக்கிறது.

அக்காவை ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நெட்டை வண்டியோடு அவள் வீட்டுச் சந்துக்கே கூட்டிப்போனேன். தினமும் ரிவர்ஸ் எடுக்கும் அந்த இடத்தில்தான் சோதிக்க வேண்டும், ஷோரூம் வாசலில் இல்லை. சீட்டை ஏற்றி, வீலை முழுசாகத் தாழ்த்தி, ஒன்பதிலும் மூன்றிலும் பிடித்து, நின்ற இடத்திலேயே லெப்ட்டில் ஒடித்தாள், ரைட்டில் ஒடித்தாள். மூன்று முறை. "தம்பி, கை மேல போகவே இல்லை" என்றாள். எஞ்சினை அணைத்துவிட்டு நான் இன்னொரு முறை சாவியைப் போட்டேன். ஏர்பேக் விளக்கு எரிந்தது, ஐந்தாறு நொடியில் அணைந்தது. அத்தான் முன்பணத்தை எடுத்தார்.